வரிக் கடிதம் வந்திட்டுது, இது அரசியலா இல்லையா எண்டு எப்பிடிப் பாக்கிறது

போன கிழமையும் முல்லைத்தீவுப் பக்கத்தில இருந்து ஒரு தங்கச்சி போன் எடுத்தவா. காணி விடுவிப்புக்காக வேலை செய்யிற சின்னச் சங்கம் ஒண்டின்ர செயலாளர், குரலே நடுங்குது. "அக்கா, வரித் திணைக்களத்தில இருந்து கடிதம் வந்திருக்கு, மூண்டு வருசக் கணக்கையும் கேட்டிருக்கினம், போன மாசம் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) முன்னால பதாகை பிடிச்சு நிண்டதுக்குத்தான் இது, இண்டைக்கே பேஸ்புக்கில போடப்போறம்" எண்டா. நான் கேட்டது ஒண்டே ஒண்டு, கடிதத்தின்ர திகதி என்ன, கைக்கு வந்த திகதி என்ன? அவா பாக்கேல்ல. பாத்துச் சொல்லேக்க தெரியுது, கடிதம் அடிச்சது 4ம் திகதி, வந்து சேந்தது 19ம் திகதி, தபால் முத்திரை குத்தின என்வலப்பைக் குப்பையில போட்டாச்சு. பதினைஞ்சு நாள் ஏற்கனவே போச்சு, அது போனதுக்கு இருந்த ஒரே சாட்சியும் அந்த என்வலப்தான்.

இப்பிடிக் கனபேர் கேக்கினம், அதால ஒருக்கா முழுசா எழுதி வைக்கிறன். நான் ஒரு பெண்கள் அமைப்பில கன வருசம் கணக்கு எழுதினனான், வக்கீல் இல்ல, ஆனா இந்தக் கடிதங்களோட கனக்க மல்லுக்கட்டியிருக்கிறன்.

முதல் விளங்கவேண்டியது, உங்களிட்ட இருக்கிறது ரெண்டு கேள்வி. ஒண்டு, அவை கேட்டதைக் கேக்கச் சட்டத்தில இடமிருக்கா. மற்றது, எல்லாரிட்டயும் கேக்கிறதைத்தான் எங்களிட்டயும் கேக்கினமா, இல்லாட்டி நாங்கள் வாய் திறந்தபடியாலதான் எங்களிட்ட மட்டும் கேக்கினமா. இந்த ரெண்டையும் ஒரே கடிதத்தில, ஒரே கோவத்தில கலந்தா ரெண்டிலயும் தோத்துப்போவியள். ரெண்டு பைல் போடுங்கோ, ஒண்டில வரி விசயம், அதில அரசியல் ஒரு சொல்லும் வரக்கூடாது, மற்றதில உங்கட சந்தேகம், அதில திகதியும் நேரமும் இல்லாமல் ஒரு வரியும் வரக்கூடாது.

சரி, கடிதம் கையில இருக்கு. எழுதினது ஆர் எண்டு பாருங்கோ. இது சின்ன விசயம் மாதிரி இருக்கும், ஆனா வன்னியில இதுதான் பெரிய குழப்பம். 2009க்குப் பிறகு எங்கட ஊருகளில பைலோட வாற ஆக்கள் எல்லாரும் எங்களுக்கு ஒரே மாதிரித்தான் தெரிஞ்சவை, ஒரு நாள் ஆமிக்காரர் வந்து அங்கத்தவர் பட்டியல் கேட்டவை, இன்னொரு நாள் சிவிலில ரெண்டு பேர் மோட்டச்சைக்கிளில வந்து எங்கயிருந்து காசு வருது எண்டு கேட்டவை, பிறகு டிஎஸ் ஒபிஸ் எண்ட பிரதேச செயலகம், பிறகு கச்சேரியில அரச சார்பற்ற நிறுவனங்களைப் பாக்கிற அலுவலர், பிறகு கொழும்பில இருக்கிற அரச சார்பற்ற நிறுவனங்களுக்கான தேசிய செயலகம், பிறகு பாங்கில இருந்து போன். இதுக்குள்ள வரித் திணைக்களமும் வந்தா எல்லாம் ஒரே கை எண்டு நினைக்கிறது இயல்பு, நான் குறை சொல்லேல்ல. 2014 ஜூலையில, பாதுகாப்பு அமைச்சுக்குக் கீழ இருந்த அந்தச் செயலகம் எல்லா அமைப்புகளுக்கும் ஒரு கடிதம் அனுப்பினது, பத்திரிகையாளர் மாநாடு வைக்கக் கூடாது, ஊடகக்காரருக்குப் பயிற்சி குடுக்கக் கூடாது, ஊடக அறிக்கை விடக் கூடாது எண்டு. அதை வாசிச்ச ஆக்களுக்கு இண்டைக்கும் எந்த அரச முத்திரையைக் கண்டாலும் நெஞ்சு திக்கெண்டும். ஆனா அந்தச் செயலகம் 1980ம் ஆண்டு 31ம் இலக்கச் சட்டத்துக்குக் கீழ பதிவையும் மேற்பார்வையையும் பாக்கிறது. உள்நாட்டு இறைவரித் திணைக்களம் 2017ம் ஆண்டு 24ம் இலக்கச் சட்டத்துக்குக் கீழ வரியைப் பாக்கிறது. ஒராள் கேக்கிற அதிகாரம் மற்றாளுக்கு இல்ல. அதால கடிதத் தலைப்பு, கையெழுத்து வைச்சவரின்ர பதவி, எந்தச் சட்டத்தின்ர எத்தினையாம் பிரிவு எண்டு போட்டிருக்கா, பதில் குடுக்கக் கடைசித் திகதி என்ன, இந்த நாலையும் சிவப்புப் பேனையால வட்டம் போடுங்கோ, போட்டோக்கொப்பியில, ஒறிஜினலில இல்ல. பிரிவு எண் இல்லாட்டி, அதுவே நீங்கள் எழுதிக் கேக்கவேண்டிய முதல் கேள்வி.

போனில கேட்டா? வாயால சொல்லாதேங்கோ. "ஐயா, எழுத்தில அனுப்புங்கோ, சங்கத்தில வைச்சுப் பதில் தாறம்" எண்டு மரியாதையாச் சொல்லிப்போட்டு, கதைச்ச நேரத்தையும் நம்பரையும் எழுதி வையுங்கோ.

இப்ப வரி பைலுக்கு வருவம். இங்க எங்கட ஆக்கள் எல்லாரும் விடுற ஒரே பிழை, நாங்களும் விட்டனாங்கள்: "நாங்கள் லாபம் உழைக்கிற ஆக்கள் இல்ல, எங்களுக்கு என்ன வரி" எண்டு பதில் எழுதிறது. எங்கட சட்டத்தில அரச சார்பற்ற நிறுவனத்துக்கு வரி போடுறது லாபத்தைப் பாத்து இல்ல. வந்த கொடை, நன்கொடை, உதவித்தொகை, இதில அரசாங்கம் தந்ததைக் கழிச்சுப்போட்டு, மிச்சத்தின்ர 3 வீதத்தை லாபம் மாதிரி எடுத்து அதுக்கு வரி. இப்ப அந்த வீதம் 30. வருசத்தில 40 லட்சம் ரூபா உங்களுக்கு வந்திருந்தா, 3 வீதம் 1,20,000 ரூபா, அதில 30 வீதம் 36,000 ரூபா. அந்த 40 லட்சமும் கிணத்துக்கும் கோழிக்கூட்டுக்கும் போயிருந்தாலும் இதுதான் கணக்கு. லாபம் இல்ல எண்டு நாங்கள் மூண்டு கடிதம் எழுதினம், மூண்டுக்கும் அதே பதில் வந்தது, அந்த ஆறு மாசமும் எங்கட தலைவி எங்களை நசுக்கினம் எண்டு கூட்டத்துக்குக் கூட்டம் சொன்னவா. அது நசுக்கிறது இல்ல, அது அந்தச் சட்டத்தின்ர கணக்கு, பிழையான சட்டம் எண்டு நான் நினைக்கிறன், ஆனா அது எல்லாருக்கும் ஒரே மாதிரிப் பிழை. உங்கட சங்கம் இதுக்குள்ள விழுதோ எண்டது எங்க, என்னெண்டு பதிஞ்சிருக்கிறியள் எண்டதைப் பொறுத்தது, கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம் எண்டு இருக்கிற ஆக்கள் ஒரு கணக்காளரிட்டக் காட்டிக் கேளுங்கோ.

ஆனா அதே பிரிவுக்குள்ள ஒரு வாசல் இருக்கு, வன்னி ஆக்கள் எல்லாரும் தெரிஞ்சிருக்க வேண்டிய வாசல். இடம்பெயர்ந்த சனத்துக்கு, அரசாங்கம் புனர்வாழ்வுக்கெண்டு அடையாளம் கண்ட இடங்களில மீளக் குடியமர்த்திறது, உட்கட்டமைப்பு செய்யிறது, வாழ்வாதார உதவி குடுக்கிறது, அதோட அமைச்சர் ஏற்றுக்கொண்ட மனிதாபிமான வேலை, இதுகளுக்குப் போன காசுக்கு வரித் திணைக்களத்தின்ர தலைவரான ஆணையாளர் நாயகம் திருப்திப்பட்டா வரியைக் குறைக்கலாம், இல்லாட்டி விட்டுக்குடுக்கலாம். எங்கட வேலை முக்கால்வாசி இதுக்குள்ளதானே வருது. ஆனா "திருப்திப்பட்டா" எண்ட அந்தச் சொல்லைக் கவனியுங்கோ. 40 லட்சத்துக்கு 3 வீதம் எண்டதில ஒருத்தரும் பாரபட்சம் காட்டேலாது, கணக்கு கணக்குத்தான். அலுவலர் தன்ர மனசைப் பாவிச்சு முடிவெடுக்கிற இடத்திலதான் பாரபட்சம் ஒளிச்சிருக்கும். ஆரைத் தெரிஞ்செடுத்துக் கடிதம் போடுறது, என்ன கேள்வி கேக்கிறது, எவ்வளவு நாள் இழுத்தடிக்கிறது, ஆருக்குச் சலுகை குடுக்கிறது. இந்த நாலு இடத்தை மட்டும் பாருங்கோ, மற்ற இடத்தில தேடி நேரத்தை வீணாக்காதேங்கோ.

இதை நான் என்ர தலையால யோசிச்சுச் சொல்லேல்ல, அமெரிக்காவில நடந்ததை வாசிச்சுத்தான் எனக்கே விளங்கினது. அங்க ஐஆர்எஸ் எண்ட வரித் திணைக்களம் இருக்கு. 2010ல இருந்து, வரி விலக்குக் கேட்டு விண்ணப்பிச்ச அமைப்புகளில "ரீ பார்ட்டி", "பேட்ரியட்ஸ்", "9/12" எண்டு பேரில சொல் இருந்தா அதைத் தனியா எடுத்து ஒதுக்கி வைச்சிருக்கினம், சின்சினாட்டி நகரத்தில இருந்த கந்தோரில. எல்லாம் அப்பத்தை ஆட்சிக்கு எதிர்ப்பக்கம் நிண்ட வலதுசாரி ஆக்களின்ர அமைப்பு. 2013 மே 10ம் திகதி அந்தப் பிரிவுக்குப் பொறுப்பா இருந்த லோயிஸ் லேர்னர் ஒரு வக்கீல்மார் கூட்டத்தில அதை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டவா. நாலு நாளால, வரி நிர்வாகத்தைக் கண்காணிக்கிற திறைசேரி இன்ஸ்பெக்டர் ஜெனரலின்ர அறிக்கை வந்தது. அவை 298 விண்ணப்பத்தை எடுத்துப் பாத்தவை, அதில 160 அப்பவும் முடிவில்லாமல் கிடந்தது, 206 நாளில இருந்து 1,138 நாள் வரைக்கும். 1,138 நாள் எண்டா மூண்டு வருசத்துக்கு மேல. நன்கொடை குடுத்த ஆக்களின்ர பேர் கூடக் கேட்டிருக்கினம், அது தேவையில்லாத கேள்வி எண்டு அறிக்கையே சொல்லுது. பாருங்கோ, நான் சொன்ன நாலில மூண்டு இடம் அப்பிடியே இருக்கு, தெரிவு, கேள்வி, இழுத்தடிப்பு.

இதில கவனிக்க வேண்டியது, அது எப்பிடி வெளிய வந்தது எண்டதை. ஒரு அமைப்பு "எங்களை வதைக்கினம்" எண்டு அழுததால மட்டும் வரேல்ல. ஆக்கள் முறையிட்டவை, அரசியல்வாதியள் கேட்டவை, பிறகு ஒரு வெளிக் கண்காணிப்பாளர் பைலுகளைப் பக்கத்தில பக்கத்தில வைச்சு ஒப்பிட்டுப் பாத்தார், எத்தினை, எத்தினை நாள், என்ன சொல்லு. ஒப்பிட்டதாலதான் நிண்டது.

அந்தக் கதை அதோட முடியவும் இல்ல. 2015ல அமெரிக்க நீதித் திணைக்களம் ஒருத்தருக்கும் குற்ற வழக்குப் போடேல்ல எண்டு மூடிச்சுது, நிர்வாகம் சரியில்ல எண்டினம், ஆனா அரசியல் நோக்கத்துக்குச் சாட்சி இல்ல எண்டினம். 2017ல அதே இன்ஸ்பெக்டர் ஜெனரல் இன்னொரு அறிக்கை விட்டவர், அதில பாத்தா "ப்ரொக்ரெசிவ்", "ஒக்குபை" எண்ட இடதுசாரிப் பேருகளையும் அதே மாதிரிப் பிடிச்சு வைச்சிருக்கினம். அதே வருசம் ஒக்ரோபரில அரசாங்கம் வழக்குப் போட்ட ரீ பார்ட்டி அமைப்புகளோட சமரசத்துக்கு வந்து, மன்னிப்பும் கேட்டு, ஒரு வழக்கில 35 லட்சம் டொலரும் குடுத்தது. அப்ப பாரபட்சம் இருந்ததா இல்லையா? அங்க இண்டைக்கும் ரெண்டு பக்கமும் சண்டை பிடிக்கினம். எனக்குத் தெரிஞ்ச அளவில, பேரைப் பாத்து ஆக்களைப் பிரிச்சது பிழை, அது ஆரின்ர பேரா இருந்தாலும் பிழை. ஆனா "எங்களை மட்டும்" எண்ட சொல்லை வாயில எடுக்க முதல் மற்றப் பக்கத்தையும் பாத்தே ஆகவேணும்.

கனடாவில இருக்கிற எங்கட சொந்தக்காரருக்கு மற்றக் கதை தெரிஞ்சிருக்கும். 2012 வரவு செலவுத் திட்டத்தில அங்கத்தை அரசாங்கம் அறக்கொடை அமைப்புகளின்ர அரசியல் நடவடிக்கைகளைச் சோதிக்கவெண்டு வருமான வரி முகவரத்துக்கு 80 லட்சம் டொலர் ஒதுக்கினது. சுற்றாடலுக்காகக் கதைச்ச அமைப்பு, வறுமை ஒழிப்புக்காகக் கதைச்ச அமைப்பு எண்டு கனபேர் எங்களைத்தான் குறி வைக்கினம் எண்டவை. அதில ஒரு வறுமை ஒழிப்பு அமைப்பு, கனடா விதௌட் பொவட்டி எண்டு பேர், நோக்கத்தை நிரூபிக்கிற சண்டைக்கே போகேல்ல. அறக்கொடை அமைப்பு தன்ர வளத்தில 10 வீதத்துக்கு மேல அரசியல் வேலைக்குப் பாவிக்கக் கூடாது எண்டு சோதினைக்கு அடியில கிடந்த விதியே பேச்சுச் சுதந்திரத்துக்கு எதிரானது எண்டு ஒன்ராறியோ கோட்டுக்குப் போனது, 2018 ஜூலையில வெண்டது, அந்த வருச முடிவில சட்டத்தையே மாத்திச்சினம். அலுவலரின்ர மனசுக்குள்ள என்ன இருந்தது எண்டு காட்டுறது உலகத்தில எங்கயும் கஷ்டம். விதி பிழை எண்டு காட்டுறது அதைவிடச் சுகம். இதை நல்லா மண்டையில போட்டுக்கொள்ளுங்கோ.

அப்ப உங்கட ஊரில எப்பிடி ஒப்பிடுறது? ஒரு சிஆர் கொப்பி வாங்குங்கோ, ஒற்றை கிழிக்கேலாத தைச்ச கொப்பி, பக்கத்துக்கு நம்பர் போடுங்கோ. அதில நடுப்பக்கம் ரெண்டில கோடு கீறி, உங்கட மாவட்டத்தில இருக்கிற வேற பத்து அமைப்பையாவது எழுதுங்கோ. கூட வேலை செய்யிற உரிமை அமைப்புகளை மட்டும் எழுதினா ஒண்டும் தெரியாது, எல்லாருக்கும் வந்திருக்கும், எல்லாரும் ஆமெண்டுவினம். கிணறு வெட்டுற அமைப்பு, முதியோர் இல்லம், சேர்ச்சால நடத்துற அமைப்பு, கோயில் தர்மகர்த்தா சபைக்குக் கீழ பிள்ளையளைப் படிப்பிக்கிற அமைப்பு, ஒரு போராட்டத்துக்கும் போகாத ஆக்கள், அவையளிட்டக் கேளுங்கோ: கடிதம் வந்ததா, எப்ப, எத்தினை வருசக் கணக்கு, என்ன கேள்வி, பதில் குடுத்து எவ்வளவு நாளில முடிஞ்சுது, விட்டுக்குடுப்புக் கிடைச்சுதா.

2018 ஏப்ரலில புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு எங்களுக்கு ஒரு கடிதம் வந்தது. நாங்கள் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையளின்ர அம்மாமாரோட கிளிநொச்சியில, வவுனியாவில எல்லாம் போய் இருந்தனாங்கள், 2017 பெப்ரவரியில தொடங்கின போராட்டம், அதால எனக்கு அப்ப நூறு வீதம் நிச்சயம், இது அதுக்குத்தான். பிறகு ஒரு கூட்டத்தில மதியச் சாப்பாட்டுக்கு இருக்கேக்க பக்கத்தில இருந்த சிஸ்ரர் தன்ர பையில இருந்து ஒரு கடிதத்தை எடுத்து "மகள், இது என்னெண்டு ஒருக்காப் பாருங்கோ" எண்டு நீட்டினவா. அதே கடிதம். அதே பந்தி, அதே எழுத்துப்பிழை, பேர் மட்டும் வேற. மாற்றுத்திறனாளிப் பிள்ளையளைப் பாக்கிற வீடு அது. எனக்குச் சோறு இறங்கேல்ல, ஏனெண்டா அண்டைக்குக் காலமதான் நான் ஒரு ஊடகத் தம்பிக்கு "பழிவாங்கல்" எண்டு சொல்லிப்போட்டு வந்தனான். தம்பிக்கு உடன போன் எடுத்து நிப்பாட்டினன்.

ஆனா மற்றப் பக்கமும் இருக்கு. பிறகொரு முறை, கணக்கைப் பாக்க வந்த ஒரு கந்தோர்க்காரர், கந்தோர் பேர் இங்க வேண்டாம், வவுச்சர் கட்டைப் புரட்டிக்கொண்டே "அண்டைக்குக் கூட்டத்தில மைக் பிடிச்சுக் கதைச்ச பொம்பிளை ஆர்" எண்டு கேட்டவர். அது வரியோட சேந்த கேள்வி இல்ல. அந்த நிமிசம் நான் கொப்பியைத் திறந்து, அவருக்கு முன்னாலயே, மணியைப் பாத்து எழுதினன்: "11.40. வவுச்சர் 212 பாக்கேக்க கேட்டது, கூட்டத்தில கதைச்சது ஆர். பதில் குடுக்கேல்ல. எழுத்தில கேக்கச் சொன்னது." எழுதிப்போட்டு வாசிச்சும் காட்டினன், "நீங்கள் கேட்டது சரியா எழுதியிருக்கா ஐயா" எண்டு. அவர் ஒண்டும் கதைக்கேல்ல, அந்தக் கேள்வி பிறகு எழுத்திலயும் வரேல்ல. சந்தேக பைலுக்குள்ள போகவேண்டியது இப்பிடியான வரி, சொன்ன சொல்லு அப்பிடியே, நேரத்தோட. "எங்களை மிரட்டினவை" எண்டு எழுதினா அது ஒருத்தருக்கும் ஒண்டையும் காட்டாது.

பதில் கடிதம். தமிழில எழுதுங்கோ, அது உங்கட உரிமை, அரசியலமைப்பின்ர 22ம் உறுப்புரைப்படி வடக்கு கிழக்கில நிர்வாக மொழி தமிழ். கடிதம் சிங்களத்தில மட்டும் வந்தா தமிழ்ப் பிரதி கேட்டு உடன எழுதுங்கோ, ஆனா தமிழ்ப் பிரதி வரும்வரை எண்டு கையைக் கட்டிக்கொண்டு இராதேங்கோ, தெரிஞ்ச ஒராளைப் பிடிச்சு அண்டைக்கே வாசிப்பியுங்கோ, நாள் ஓடிக்கொண்டிருக்கு. எழுதிறது இவ்வளவும் போதும்: "உங்கட இன்ன திகதிக் கடிதம் எங்களுக்கு இன்ன திகதி கிடைச்சது. நீங்கள் கேட்ட 1, 2, 4ம் ஆவணங்களை இத்தோட இணைச்சிருக்கிறம். 3ம் ஆவணத்தைத் திரட்ட இன்னும் 21 நாள் தேவை, இன்ன காரணத்தால. 5ம் கேள்வி எந்தப் பிரிவின் கீழ கேக்கப்பட்டது எண்டு தயவுசெய்து அறியத்தாங்கோ." ஏன் எங்களை எண்டு இதில கேக்காதேங்கோ, அது மற்ற பைல்.

உதவி பெற்ற ஆக்களின்ர பேர்ப்பட்டியல் கேட்டா என்ன செய்யிற எண்டுதான் எல்லாரும் பயப்படுகினம், நியாயமான பயம், அந்தப் பட்டியலில இருக்கிற அம்மாமார் எத்தினை பேருக்கு வீட்டு வாசலில ஆக்கள் வந்து நிண்டிருக்கினம் எண்டு எனக்குத் தெரியும். காசு எங்க போனது எண்டு காட்டுறது உங்கட கடமை, அதை மறைக்காதேங்கோ, பொய்ப் பேர் போடாதேங்கோ, அது உங்களையே விழுத்தும். ஆனா காசு வாங்கின வவுச்சரும், ஒரு அம்மா தன்ர பிள்ளையைப் பற்றிச் சொன்ன வாக்குமூலமும் ஒண்டில்ல. தொடக்கத்திலயே ரெண்டையும் வேற வேற பைலில வையுங்கோ, வேற வேற அலுமாரியில. வவுச்சரில "வாழ்வாதார உதவி, கோழி வளர்ப்பு, 25,000" எண்டு இருந்தாக் காணும், இன்னாரின்ர தாய் எண்டு அதில எழுத வேண்டியதில்ல. வவுச்சரைப் பாக்கோணும் எண்டா கந்தோருக்கு வந்து பாக்கச் சொல்லி எழுதிக் கேட்டுப் பாருங்கோ, ஏலாது எண்டா அதுக்குப் பிறகு வக்கீல் ஒராளிட்டப் போங்கோ, இந்த இடத்தில என்ர சொல்லு காணாது.

மதிப்பீட்டு அறிவித்தல் வந்திட்டுது, இவ்வளவு கட்டு எண்டு தொகை போட்டு? அப்ப 30 நாள். 30 நாளுக்குள்ள நிருவாக மீளாய்வு கேட்டு ஆணையாளர் நாயகத்துக்கு எழுதோணும், காரணத்தை விளக்கமா. அதின்ர முடிவு சரியில்லாட்டி, முடிவு கிடைச்சு 30 நாளுக்குள்ள வரி மேன்முறையீட்டு ஆணைக்குழு, அதுக்குப் பிறகு சட்டக் கேள்விக்கு மேன்முறையீட்டு நீதிமன்றம். இடம்பெயர்ந்த சனத்துக்கான வேலை எண்டு விட்டுக்குடுப்புக் கேட்டு மறுத்திருந்தா, ஏன் திருப்திப்படேல்ல எண்டு காரணத்தை எழுத்தில கேளுங்கோ. காரணம் இல்லாத மறுப்புத்தான் பிறகு உங்கட கையில இருக்கப்போற பெரிய ஆயுதம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை, 2016ம் ஆண்டு 12ம் இலக்கம், எங்கட ஆக்கள் காணி விசயத்துக்குப் பாவிக்கினம், வரி விசயத்துக்கு ஒருத்தரும் பாவிக்கிறதாத் தெரியேல்ல. சங்கம் எண்ட பேரிலயும் கேக்கலாம், அங்கத்தவரில முக்கால்வாசிப் பேர் இலங்கைப் பிரசையா இருந்தாச் சரி. ஏன் கேக்கிறியள் எண்டு சொல்லவும் தேவையில்ல. ஆனா கேள்வியைப் பிழையாக் கேட்டா மறுத்துப்போடுவினம். "அந்த அமைப்புக்கு ஏன் விட்டுக்குடுத்தியள்" எண்டு கேட்டா மற்றாளின்ர வரி விசயம், ரகசியம் எண்டு வரும். இப்பிடிக் கேளுங்கோ: இன்ன வருசத்தில முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா, மன்னார் மாவட்டங்களில எத்தினை அரச சார்பற்ற நிறுவனத்துக்குக் கணக்குக் கேட்டுக் கடிதம் அனுப்பினது, ஒவ்வொரு மாவட்டமாத் தாங்கோ. கொழும்பு, கம்பஹாவில எத்தினை. விட்டுக்குடுப்புக் கேட்டது எத்தினை, குடுத்தது எத்தினை, சராசரி எத்தினை நாள் எடுத்தது. சோதினைக்கு நிறுவனங்களைத் தெரிஞ்செடுக்கிற அளவுகோல் அல்லது சுற்றுநிருபம் இருந்தா அதின்ர பிரதி. எண்ணிக்கையில ஒருத்தரின்ர ரகசியமும் இல்ல. 14 வேலை நாளுக்குள்ள தாறமோ இல்லையோ எண்டு சொல்லோணும், மறுத்தா அங்கயே மேன்முறையீட்டுக்கெண்டு இருக்கிற அலுவலருக்கு 14 நாளுக்குள்ள, அதுவும் சரிவராட்டி தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு ரெண்டு மாசத்துக்குள்ள. கடைசிக் கேள்வி, அந்த அளவுகோல், அதுதான் முக்கியம். அமெரிக்காவில பிடிபட்டதே அப்பிடி ஒரு சொற்பட்டியலாலதானே.

கொப்பியில ஒப்பிட்ட பக்கமும், தகவல் சட்டத்தில வந்த எண்ணிக்கையும், நேரம் போட்டு எழுதின வரியும் ஒரே பக்கம் சாயுது எண்டா, அப்ப போகலாம். அரசியலமைப்பின்ர 12(2) உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கருத்து, பிறந்த இடம் எண்டு எதை வைச்சும் பாரபட்சம் காட்டக் கூடாது எண்டுது, அரசியற் கருத்து எண்ட சொல்லு அதிலயே இருக்கு. உச்ச நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனு ஒரு மாசத்துக்குள்ள போடோணும். வன்னியில இருந்து கொழும்புக்குப் போய் வக்கீல் பிடிக்கவே ஒரு மாசம் போயிடும், அதால அந்த ஒரு மாசத்துக்குள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவில முறைப்பாட்டைப் பதியுங்கோ, வவுனியாவிலயும் பிராந்தியக் காரியாலயம் இருக்கு, அவை விசாரிச்சுக்கொண்டிருக்கிற காலம் அந்த ஒரு மாசத்துக்குள்ள எண்ணப்படாது எண்டு அந்த ஆணைக்குழுவின்ர 1996ம் ஆண்டுச் சட்டத்தின்ர 13ம் பிரிவு சொல்லுது. சங்கத்தின்ர பேரில மட்டும் போடாமல் நிர்வாகத்தில இருக்கிற ரெண்டு மூண்டு பேர் தங்கட பேரிலயும் போடுங்கோ, அந்த 12(2) உறுப்புரை பிரசைக்குத்தான் பேசுது. இதுக்கு ஆக்கள் துணிஞ்சு கையெழுத்து வைக்கோணும், அது லேசான விசயம் இல்ல எண்டு தெரியும், ஒருத்தரையும் வற்புறுத்தாதேங்கோ.

பேஸ்புக் எல்லாம் இதுக்குப் பிறகு.

இன்னும் கடிதம் வராத ஆக்களுக்கும் கொஞ்சம் சொல்லவேணும். வெளிநாட்டுச் சொந்தக்காரர் அனுப்புற காசைச் செயலாளரின்ர சொந்தப் பாங்க் புத்தகத்தில போடுவிக்காதேங்கோ, உண்டியல் காசு, பாங்குக்கு வெளியால கைமாறி வாற காசு, வேண்டவே வேண்டாம். எத்தினை நல்ல அமைப்பு இதாலயே வாயடைச்சுப்போய் நிக்குது, உண்மையிலயே குறி வைச்சு வந்தாலும் எதிர்த்துக் கதைக்க ஏலாமல். வரி வருசம் ஏப்ரல் 1ல தொடங்கி மார்ச் 31ல முடியுது, வரி விபரத்திரட்டு, அதுதான் வருச வருமானத்தைக் காட்டுற படிவம், நவம்பர் 30க்கு முதல் போகோணும், காசு இல்லாத வருசமும் குடுங்கோ. கணக்குக் கட்டை அஞ்சு வருசத்துக்கு வைச்சிருக்கோணும். எங்கட ஊர் மண்ணில கறையான் அஞ்சு மாசம் பொறுக்காது, நாங்கள் ஒரு வருச வவுச்சரை மட்டைப்பெட்டியில நிலத்தில வைச்சு முழுசாக் குடுத்தனாங்கள், தூக்கினா மேல் மட்டை மட்டும் கையில வருது, உள்ளுக்கு மண். அண்டையில இருந்து பிளாஸ்ரிக் பெட்டி, கல்லுக்கு மேல, மாசம் முடிய ஒவ்வொரு வவுச்சரையும் போனில படம் எடுத்து ரெண்டு பேரிட்ட வைக்கிறது. தேத்தண்ணிக் கடையில பில் தர மாட்டினம், ஒரு வெள்ளைத் தாளில திகதி, எத்தினை தேத்தண்ணி, எவ்வளவு, கடைக்காரரின்ர கையெழுத்து, கூட்ட வரவுப் பட்டியலோட பின் பண்ணுங்கோ. கைநாட்டு வைக்கிற அம்மாமாருக்குப் பக்கத்தில சாட்சிக் கையெழுத்து ஒண்டு.

எந்தக் கடிதமும் பதிவுத் தபாலில. தபால் கந்தோரில தாற அந்தச் சின்னத் துண்டை உடன கொப்பியில ஒட்டுங்கோ, பேர்ஸில வைச்சா மை அழிஞ்சுபோகும், அதையும் படம் எடுங்கோ. வாற கடிதத்தின்ர என்வலப்பைக் கடிதத்தோடயே பின் பண்ணுங்கோ, முத்திரைத் திகதி தெரியிற மாதிரி.

எனக்குப் போன் எடுக்கிறதெண்டா கடிதத்தின்ர திகதி, கைக்கு வந்த திகதி, பிரிவு எண், இந்த மூண்டையும் கையில வைச்சுக்கொண்டு எடுங்கோ. பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு, பகலில நான் வயலில, அங்க சிக்னல் இல்ல.